கொடியில் கருநீலம்: பொருள் முதலா, சாயம் முதலா?

ஞாயிறு_வகுப்பு (மோல்மேன்)

வணக்கம். கோவில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். இந்த மாதம் நிறங்கள் பாடம். சிவப்பு, பச்சை என்று பலகையில் எழுதிப் போட்டால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள் என்று, அக்கம்பக்கத்து நாட்டுக் கொடிகளை வரையச் சொன்னேன். இந்தியா, தாய்லாந்து, லாவோஸ், மலேசியா, நேபாளம், கடைசியில் நம்முடைய பர்மா கொடி.

பதினொரு வயதுப் பெண் ஒருத்தி எல்லாவற்றையும் வரைந்து முடித்துவிட்டு எழுந்து நின்றாள். "டீச்சர், இந்தியா சக்கரத்துக்கும் தாய்லாந்து நடுப்பட்டைக்கும் நேபாளத்து ஓரத்துக்கும் ஒரே பென்சில்தான் எடுத்தேன். எல்லாருக்கும் அந்தப் பென்சில் வேணும், நமக்கு மட்டும் வேண்டாமா?"

வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினேன். 'நேவி ப்ளூ என்றால் விழிப்பு, விடாமுயற்சி, நீதி' என்று ஒரு பக்கத்தில் இருந்தது. மறுவாரம் அதையே பலகையில் எழுதினேன். திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "இதெல்லாம் எந்தக் கொடிக்காரன் சொன்னது?" என்று சிரித்துவிட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளி_பிறந்தவன் (ரங்கூன்)

வானம், கடல். அவ்வளவுதான் டீச்சர். நீலம் என்றால் எல்லா நாட்டுக்காரனும் இந்த இரண்டைத்தான் சொல்வான்.

தட்டோன்_தம்பி

நேபாளத்துக்கும் லாவோஸுக்கும் கடலே இல்லையே, தம்பி. நேபாளக் கொடியின் நீல ஓரத்துக்கு அமைதி என்று பொருள் சொல்கிறார்கள். லாவோஸ்காரர்கள் நடு நீலத்தை மேகாங் ஆறு என்பார்கள். மலேசியாவில் மூலை நீலம் மக்கள் ஒற்றுமை. ஒரே பென்சில், ஊருக்கு ஒரு விளக்கம்.

அக்கா, நீங்கள் பார்த்த அந்த 'விழிப்பு, விடாமுயற்சி, நீதி' எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது அமெரிக்கச் சரக்கு. அவர்கள் கொடிக்கான தீர்மானம் 1777 ஜூன் 14இல் வந்தது. பதின்மூன்று பட்டை, நீலத்தில் பதின்மூன்று நட்சத்திரம் என்று மட்டும் அதில் இருக்கிறது. எந்த நிறத்துக்கும் பொருள் சொல்லவில்லை. ஐந்து வருடம் கழித்து, 1782இல், அரசு முத்திரை ஒன்று செய்தார்கள். அதை விளக்கி எழுதிய சார்லஸ் தாம்சன் என்ற செயலாளர்தான் நீலத்துக்கு இந்த மூன்று குணங்களையும் சொன்னார். முத்திரைக்குச் சொன்னதைப் பின்னால் கொடிக்கு ஒட்டினார்கள். அதன்பிறகு உலகத்தில் எந்தக் கொடியில் நீலம் இருந்தாலும் அதையே எடுத்து ஒட்டுகிறார்கள். திண்ணைப் பெரியவர் சிரித்ததில் தப்பே இல்லை.

கத்தரிக்கோல் (ரங்கூன்)

திண்ணைப் பெரியவர் என் கட்சி.

எனக்கு வயது 71. அப்பா காலத்திலிருந்தே தையல்கடை. மொகல் தெருவுக்குப் பக்கத்தில் கடை இருந்தது. அந்தத் தெருவுக்கு இப்போது ஷ்வே போந்தா என்று பெயர். டீச்சரம்மா, அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள்: நம் கொடியிலும் அந்தப் பென்சில் இருந்தது. 62 வருடம் இருந்தது.

1948 ஜனவரி 4, விடியற்காலை 4 மணி 20 நிமிடம். ஜோசியர்கள் குறித்துக் கொடுத்த நேரம். வெள்ளைக்காரன் கொடி இறங்கி நம்முடையது ஏறியது. உடம்பெல்லாம் சிவப்பு, மேல்மூலையில் கருநீலச் சதுக்கம், அதில் ஒரு பெரிய வெள்ளை நட்சத்திரம், சுற்றி ஐந்து சின்னது. அந்த இருட்டில் போய் நின்றவர்களில் என் அப்பாவும் ஒருவர். "சிவப்பு தெரிந்தது, நட்சத்திரம் தெரிந்தது, மூலை மட்டும் வானத்தோடு போய்விட்டது" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1974இல் அதே சிவப்பு, அதே நீல மூலை, உள்ளே மட்டும் மாற்றினார்கள். பல்சக்கரம், நெற்கதிர், சுற்றிலும் 14 நட்சத்திரம். ஏழு மாநிலம், ஏழு டிவிஷன். அப்போது நான் பையன். ஒவ்வொரு நட்சத்திரத்தையும் வெட்டி, ஓரம் மடித்து, நீலத்தின் மேல் வைத்துத் தைக்க வேண்டும். ஒரு கொடிக்குப் பதினாலு, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இருபத்தெட்டு. நட்சத்திரத்துக்கு ஐந்து முனை. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு கொடிக்கு என் விரல் எத்தனை தடவை ஊசியில் மாட்டியிருக்கும் என்று.

இத்தனை வருடத்தில் கொடி வாங்க வந்த ஒருவர்கூட இந்த நீலத்துக்கு என்ன பொருள் என்று என்னைக் கேட்டதில்லை. "வெளுக்குமா?" என்பார்கள். அதுதான் கேள்வி. அதற்குப் பதில், வெளுக்காது. வெயிலில் முதலில் போவது சிவப்பு. பழைய கொடிகளைப் பார்த்திருந்தால் தெரியும்: உடம்பு ரோஸ் நிறத்துக்கு வந்திருக்கும், மூலை மட்டும் நேற்றுத் தைத்த மாதிரி இருக்கும்.

வெள்ளி_பிறந்தவன்

தாத்தா, அந்த 2010 கதையைச் சொல்லுங்கள்.

கத்தரிக்கோல்

அதுவா. 2010 அக்டோபர் 21, வியாழக்கிழமை. மத்தியானத்துக்கு மேல் திடீரென்று அறிவிப்பு. பழையதை இறக்கு, புதியதை ஏற்று. மஞ்சள், பச்சை, சிவப்பு, நடுவில் ஒரு பெரிய வெள்ளை நட்சத்திரம். பழைய கொடியை இறக்குபவர் செவ்வாய்க்கிழமை பிறந்தவராக இருக்க வேண்டும், புதியதை ஏற்றுபவர் புதன்கிழமை பிறந்தவராக இருக்க வேண்டும் என்று ஆபீஸ்களுக்கு உத்தரவு. இறக்கியதை எரித்துவிட வேண்டும்.

கடையில் அன்றைக்கு வெட்டாத கருநீலத் துணி பன்னிரண்டு கெஜம் இருந்தது. கொடியைத்தான் எரிக்கச் சொன்னார்கள், துணியை இல்லையே. வீட்டுக்கு எடுத்துப் போனேன். தலையணை உறை, தையல் மெஷினுக்கு மூடி, பேரனுக்குப் பை. அந்த மெஷின் மூடி இன்னும் இருக்கிறது.

வெள்ளி_பிறந்தவன்

நான் வெள்ளிக்கிழமை. ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. வேடிக்கை பார்க்கிற ஜாதி.

மியாவடி_லாரி

சயாமா (பர்மியில் டீச்சர்), தாய்லாந்து நீலத்தை நான் சொல்கிறேன். வாரத்துக்கு இரண்டு தடவை எல்லை தாண்டி தாய்லாந்தின் மேசோட் பக்கம் போகிறவன். அங்கே காலை 8 மணிக்கும் சாயங்காலம் 6 மணிக்கும் தேசிய கீதம் போடுவார்கள். சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருக்கிறவன்கூட அப்படியே நின்றுவிடுவான். நானும் லாரி பக்கத்தில் நிற்பேன். எதிரே கம்பத்தில் சிவப்பு, வெள்ளை, கருநீலம், வெள்ளை, சிவப்பு. நடுநீலம் மற்ற பட்டைகளைப்போல் இரண்டு மடங்கு.

சரக்கு இறக்குகிற தாய் நண்பர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார்: சிவப்பு நாடு, வெள்ளை மதம், நீலம் ராஜா. இதற்கு முன்னால் அவர்களுக்குச் சிவப்பில் வெள்ளை யானை போட்ட கொடி. அவர்கள் ராஜா ஆறாம் ராமா ஒரு ஊருக்குப் போனபோது யாரோ அவசரத்தில் கொடியைத் தலைகீழாகக் கட்டி, யானை நான்கு காலும் மேலே தூக்கிக்கொண்டு நின்றதாம். எந்தப் பக்கம் பிடித்தாலும் நேராக இருக்கிற கொடி வேண்டும் என்று அவர் நினைத்தார் என்று கதை. முதலில் யானையை எடுத்துவிட்டு சிவப்பு-வெள்ளைப் பட்டைகள். அப்புறம் 1917 செப்டம்பர் 28இல் நடுவில் கருநீலம் வந்தது.

ஏன் கருநீலம்? இதைக் கேட்டால் நம் ஊர் ஆள்களுக்குப் பிடிக்கும். தாய்க்காரர்களுக்கும் கிழமைக்கு ஒரு நிறம் உண்டு. ஆறாம் ராமா பிறந்தது சனிக்கிழமை. சனிக்கு உரிய நிறம் அது. இன்றைக்குக் கேட்டால் சனிக்கு ஊதா என்பார்கள், அது வேறு.

தட்டோன்_தம்பி

இன்னொரு காரணமும் இருக்கிறது அண்ணே. 1917 ஜூலையில் சயாம், அதாவது அன்றைய தாய்லாந்து, ஜெர்மனி மேல் போர் அறிவித்துவிட்டது. கூட்டாளிகள் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா, எல்லாருக்கும் சிவப்பு-வெள்ளை-நீலம். அந்த வரிசையில் நிற்க நீலம் தேவைப்பட்டது. ராஜாவின் பிறந்த கிழமையும் பொருந்தி வந்தது. இதில் எது காரணம், எது சமாதானம் என்று கேட்டால், இரண்டுமே காரணம்தான்.

தறிச்சாயம் (லைங்தாயா)

தையல்கார ஐயா "வெளுக்காது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதில்தான் விஷயம் இருக்கிறது. நான் துணிக்குச் சாயம் போடுகிற வேலையில் 19 வருடம் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'நேவி ப்ளூ' என்ற பெயரே பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து வந்தது. 1748இல் அவர்கள் அதிகாரிகளுக்கு இந்தக் கருநீலத்தில் சீருடை வைத்தார்கள். கடலுக்கு மரியாதையாக என்று நினைக்க வேண்டாம். உப்புத் தண்ணீர், வெயில், மழை மூன்றையும் தாங்கிக்கொண்டு அழுக்கையும் மறைக்கிற ஆழமான நிறம் அந்தக் காலத்தில் அவுரியில்தான் கிடைத்தது.

அவுரியைத் தெரியும்தானே? தலைச்சாயத்துக்குக் கடையில் பொடியாக விற்கிறார்களே, அதே செடி. திண்டிவனம் பக்கம் இன்றும் பயிர் செய்கிறார்கள். அதன் சாயத்துக்கு ஒரு வினோத குணம்: தண்ணீரில் கரையவே கரையாது. தொட்டியில் போட்டு, புளிக்க வைத்து, காற்றுப் படாமல் வைத்தால்தான் கரையும். அப்போது அது நீலமாகவும் இருக்காது. மஞ்சளும் பச்சையும் கலந்த மாதிரி இருக்கும். துணியை முக்கி வெளியே எடுத்தால், காற்றுப் பட்டதும் கண் எதிரே பச்சையிலிருந்து நீலமாக மாறும். பழைய ரகத் தொட்டி ஒன்றை முதல்தடவை பார்த்த அன்றைக்கு நான் மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன். காற்றுப் பட்டதும் அது நூலுக்குள்ளேயே மறுபடி கரையாத பொருளாகிவிடுகிறது. அதனால்தான் துவைத்தால் எளிதில் போவதில்லை. ஒரு தடவை முக்கினால் வெளிர்நீலம், காயவிட்டுக் காயவிட்டுத் திரும்பத் திரும்ப முக்கினால் கருநீலம். அதாவது கருநீலம் என்பது அதிக வேலை, அதிகச் சாயம், அதிகக் காசு. கொடிக்கு அதைப் போடுகிறவன், தன் கொடி சீக்கிரம் மங்கக் கூடாது என்று நினைக்கிறவன்.

1880இல் பேயர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். 1897இல் பிஏஎஸ்எஃப் கம்பெனி அதை டின்னில் அடைத்து விற்றது. இந்தியாவில் அவுரிச் சாகுபடி அதோடு படுத்தது. அப்புறம் உலகம் முழுக்க எந்த ஏழை நாடும் கருநீலக் கொடி வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது.

இன்னொன்று. கொடி எதற்கு முன்னால் பறக்கிறது? வானத்துக்கு முன்னால். வெளிர்நீலம் போட்டால் பகலில் அந்த இடம் ஓட்டை மாதிரித் தெரியும். கருநீலம் போட்டால் பகலில் நிற்கும். விடியற்காலை 4:20க்குத் தெரியாது, ஐயாவின் அப்பா சொன்னது சரிதான்.

கத்தரிக்கோல்

சாயத் தம்பி எழுதியதை மகனை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஆனால் எல்லாக் கருநீலமும் நீ சொல்கிற ஜாதி இல்லை. ஒரு வருடம் ஜனவரி 4க்கு நாற்பது கொடி ஆர்டர். வழக்கமான கடையில் சரக்கு இல்லை என்று வேறொரு மொத்தக்கடையில் வாங்கினேன். பெயர் வேண்டாம். ராத்திரி முழுக்கத் தைத்து, காலையில் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால், நீலம் நட்சத்திரத்துக்குள் இறங்கிவிட்டது. நாற்பது கொடியிலும் வெளிர்நீல நட்சத்திரம். எல்லாவற்றையும் பிரித்து, வெள்ளையை மறுபடி வெட்டி வைத்தோம். அன்றைக்கு அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகு உப்புத் தண்ணீரில் ஊறவைக்காமல் நான் நீலத்தை வெட்டுவதில்லை.

தறிச்சாயம்

ஐயா, உப்பு வீண். சாயம் போடும்போது சாயத்தை நூல் பக்கம் தள்ளத்தான் உப்பு. போட்டு முடித்த துணியை உப்பில் ஊறவைத்தால் எதுவும் நிற்காது. உங்களுக்கு அன்றைக்குக் கிடைத்தது சரியாக அலசாத துணி. மேலே ஒட்டியிருந்த சாயம்தான் இறங்கியது. நல்ல தண்ணீரில் நான்கு அலசு அலசியிருந்தால் போதும்.

கத்தரிக்கோல்

நாற்பது வருடமாக ஊறவைத்தேன், நின்றது. நீ வேதியியல் சொல்லு.

செங்கல்சூளை (பெகு)

எல்லாரும் சாயம், கிழமை என்று போய்விட்டீர்கள். இந்தியச் சக்கரத்து நீலத்துக்குப் பொருள் உண்டு. அது அம்பேத்கரின் நீலம். கொடிக் கமிட்டியில் அவர் இருந்தார். அவர் கட்சிக் கொடி நீலம். இன்றைக்கும் அவர் வழி வந்தவர்களுக்கு அதுதான் நிறம்.

தட்டோன்_தம்பி

அண்ணே, மரியாதையோடு மறுக்கிறேன். 1947இல் ராஜேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த கமிட்டியில் அம்பேத்கர் இருந்தது உண்மை, ராஜாஜியும் இருந்தார். ஆனால் நீலம் அங்கே தொடங்கவில்லை. 1931 ஆகஸ்டில் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட மூவர்ணத்தைப் பாருங்கள். காவி, வெள்ளை, பச்சை, நடுவில் கருநீலத்தில் ராட்டை. அதே நீலம்தான் 1947 ஜூலை 22இல் நேரு கொண்டுவந்த தீர்மானத்திலும் வந்தது. ராட்டைக்குப் பதில் சாரநாத் தூணின் சக்கரம், அவ்வளவுதான் மாற்றம்.

இதில் எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது வேறு. 1931 தீர்மானத்தில் காவிக்குப் பொருள் இருக்கிறது: தைரியம், தியாகம். வெள்ளைக்கு அமைதி, உண்மை. பச்சைக்கு நம்பிக்கை, வீரம். ராட்டைக்குக்கூட மக்களின் நம்பிக்கை என்று எழுதியிருக்கிறது. ராட்டையின் நிறத்துக்கு ஒன்றும் இல்லை. 1947இல் ராதாகிருஷ்ணன் அவையில் அழகாகப் பேசினார். காவி துறவு, வெள்ளை ஒளி, பச்சை மண்ணோடு நமக்குள்ள உறவு, சக்கரம் தர்மம். நீலத்தை அவரும் தாண்டிப் போய்விட்டார். கொடியிலேயே பொருள் கொடுக்காமல் விட்ட ஒரே நிறம் அதுதான். 'வானமும் கடலும்' என்று பள்ளிக்கூடங்களில் சொல்வதெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

செங்கல்சூளை

சரி, 1931ஐ ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ சொன்னதை வைத்தே கேட்கிறேன். காலியாக விட்ட இடத்தில் யார் வந்து உட்கார்ந்தார்கள்? 1942இல் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு நீலக்கொடி எடுத்தது. அதன்பிறகு அந்தச் சக்கரத்தைப் பார்த்து 'இது நம் நிறம்' என்று சொல்கிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். தீர்மானத்தில் எழுதாததால் அது பொருள் இல்லை என்று ஆகிவிடுமா?

அவர் ரங்கூனுக்கு வந்திருக்கிறார், தெரியுமா? 1954 டிசம்பரில் உலக பௌத்தர் மாநாட்டுக்கு. இரண்டு வருடம் கழித்து நாகபுரியில் பௌத்தம் தழுவினார். எங்கள் தாத்தா அந்த நேரம் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தாரா என்று கேட்டு வைக்காமல் விட்டுவிட்டேன், அதுதான் குறை.

தட்டோன்_தம்பி

எழுதாததால் பொருள் இல்லை என்று ஆகாது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். நான் மறுத்தது 'அவர் வைத்தார்' என்பதைத்தான். 'அவர் வழி வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்' என்றால் எனக்குச் சண்டையே இல்லை.

தேக்கு

இழை சூடாகிறது, இடையில் ஒரு வேடிக்கை. நம்முடைய பழைய கொடியையும் தைவான் கொடியையும் பக்கத்தில் வைத்தால் தூரத்துப் பார்வைக்கு ஒன்றுதான். சிவப்பு உடம்பு, கருநீல மூலை, நடுவில் வெள்ளை. அங்கே சூரியன், இங்கே நட்சத்திரம். பசிபிக் கடலில் சமோவாவும் அப்படியே, அங்கே நட்சத்திரங்கள். சமோவாவின் கொடியும் 1948இல் வந்ததுதான்.

அப்புறம் பிரான்ஸ். 1976இல் நீலத்தைக் கொஞ்சம் வெளிறச் செய்தார்கள், ஐரோப்பியக் கொடியோடு பொருந்த. 2020இல் மக்ரோன் சத்தமில்லாமல் பழைய கருநீலத்துக்கே மாற்றினார். ஒரு வருடத்துக்கும் மேல் ஊர் கவனிக்கவே இல்லை!

ஞாயிறு_வகுப்பு

எல்லாவற்றையும் படித்தேன். நன்றி. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இப்போது முன்னைவிடக் கஷ்டம். கேட்ட பிள்ளைக்குப் பதினொரு வயது. 'சாயம் நின்றது, அதனால் வைத்தார்கள்' என்று சொன்னால் அவள் விடமாட்டாள். 'சிவப்புக்கு மட்டும் தைரியம், நீலத்துக்குச் சாயமா?' என்று திருப்பிக் கேட்பாள். அவளை எனக்குத் தெரியும்.

இன்னொரு சிக்கல், பெயர். படத்துக்குக் கீழே தமிழில் என்ன எழுத? கருநீலமா, கடற்படை நீலமா, நேவி ப்ளூவா?

தேக்கு

கருநீலம் என்றே எழுதுங்கள் டீச்சர். கடற்படை நீலம் என்றால் பிள்ளைகள் கப்பலைத் தேடும்.

நம் மொழியில் நீலமும் கறுப்பும் ஒட்டிப் பிறந்தவை. கார்மேகம், நீலமேகம் இரண்டும் ஒரே மேகம்தான். கண்ணனைக் கறுப்பன் என்றும் சொல்வோம், நீலவண்ணன் என்றும் சொல்வோம், யாரும் குழம்பியதில்லை. பர்மியிலும் பாருங்கள், 'அப்யா' என்றால் நீலம். 'நெட்' என்றால் கறுப்பும் ஆகும், ஆழமும் ஆகும். ஆழமான தண்ணீருக்கு அந்த வார்த்தைதான். பௌத்த நூல்களின் மொழியான பாலியில் 'நீல' என்றாலும் கருநீலம்வரை போகும்.

பாலி என்றதும் ஞாபகம் வருகிறது. பிள்ளை 'நமக்கு மட்டும் வேண்டாமா' என்று கேட்டாளே, அவளை மண்டபத்து வாசலுக்குக் கூட்டிப் போய்த் தெருவைக் காட்டுங்கள். மோல்மேனில் பயா (பகோடா) இல்லாத மேடு உண்டா? பயா இருக்கிற இடமெல்லாம் பௌத்தக் கொடி. 1885இல் கொழும்பில் முதலில் ஏற்றியது. அதில் முதல் பட்டை என்ன நிறம்? நீலம். புத்தரின் ஒளியில் நீலம் அவர் முடியிலிருந்தும் கண்ணிலிருந்தும் வந்தது என்பார்கள். பொருள் எல்லா உயிர்மேலும் அன்பு. இலங்கையில் ஆரஞ்சுப் பட்டை இருக்கிற இடத்தில் நம் ஊரில் ரோஸ் போடுவார்கள், ஆனால் நீலத்தை யாரும் தொடவில்லை.

வெள்ளி_பிறந்தவன்

தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் கொடியும் நீலம்தான். நாம் 1997இல் சேர்ந்தோம். அங்கே நீலத்துக்கு 'அமைதி, நிலைத்தன்மை' என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கமிட்டி போட்டு எழுதின பொருள் மாதிரியே இருக்கிறது.

மியாவடி_லாரி

சயாமா, எனக்குப் படிப்பு குறைவு. ஆனால் ஒன்று பார்த்திருக்கிறேன். மேசோட்டில் 6 மணிக்கு அந்தப் பாட்டு வரும்போது, சரக்கு இறக்குகிற நண்பர் கொடியைப் பார்க்கிற பார்வையில் சனிக்கிழமையும் இல்லை, சாயமும் இல்லை. அவருக்கு அது ராஜா. நான் பார்க்கிறபோது எனக்கு அது 'இனிமேல் வீட்டுக்குக் கிளம்பலாம்' என்ற நேரம். பாலத்தைத் தாண்ட வேண்டும். ஒரே துணிதான்.

ஞாயிறு_வகுப்பு

வகுப்பு முடிந்தது. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

எல்லாரையும் வெளியே கூட்டிப் போனேன். மேட்டில் பயா, ஓரத்தில் கொடிகள். நீலப் பட்டையைக் காட்டி "இது என்ன?" என்றேன். "மெத்தா" (அன்பு) என்று ஒரு பையன் பர்மியில் மனப்பாடமாகச் சொன்னான். அப்புறம் உள்ளே வந்து ஒரு பெரிய அட்டையில் ஆறு கொடிகளையும் ஒட்டினோம். நம் கொடியை மூன்று தடவை வரைந்தார்கள்: 1948, 1974, 2010. தலைப்பு அந்தப் பெண்ணே எழுதினாள். 'கருநீலம் எங்கே எங்கே' என்று.

பொருள் எழுத ஒரு கட்டம் வைத்திருந்தேன். தாய்லாந்துக்கு 'ராஜா', லாவோஸுக்கு 'ஆறு', மலேசியாவுக்கு 'ஒற்றுமை', நேபாளத்துக்கு 'அமைதி' என்று போட்டார்கள். இந்தியாவுக்கு நான் செங்கல்சூளை அண்ணன் சொன்னதையும் தட்டோன் தம்பி சொன்னதையும் இரண்டையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்து, 'எழுதவில்லை, எடுத்துக்கொண்டார்கள்' என்று எழுதினாள். நம்முடைய 1948 கட்டத்தில் மட்டும் ஒன்றும் எழுதாமல் வைத்துவிட்டு, "அந்தத் தாத்தா துணி பார்த்திருக்காரே, எந்த நீலம்னு அவரைக் கேளுங்க. என் பென்சில் ரொம்ப வெளுப்பா இருக்கு" என்றாள்.

கத்தரிக்கோல் ஐயா, கேட்டுவிட்டேன்.

கத்தரிக்கோல்

வாயால் சொன்னால் எப்படித் தெரியும் அம்மா. மெஷின் மூடியின் ஓரத்தில் மடிப்பு இருக்கிறது, உள்பக்கம் வெயிலே பட்டதில்லை. ஒரு சாண் வெட்டித் தருகிறேன். இங்கே அவுங் மிங்கலா பஸ் நிலையத்திலிருந்து மோல்மேனுக்கு எந்த பஸ்காரர் உங்களுக்குப் பழக்கம் என்று சொல்லுங்கள், நாளைக்கே மகனிடம் கொடுத்து ஏற்றிவிடுகிறேன். அட்டையில் ஒட்டுவதற்கு முன்னால் உப்புத் தண்ணீரில் ஒரு தடவை நனைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள்.

தறிச்சாயம்

நல்ல தண்ணீர் போதும், டீச்சர்.

கத்தரிக்கோல்

உப்பு.